கூப்பர் மெலிந்த வருடம்

மானிப்பாயில் ஐசாக் மாஸ்ரரின் காரைத் தெரியாதவர்கள் குறைவு. சிவப்பு உடம்பும் வெள்ளைக் கூரையுமாக ஒரு மினி கூப்பர். அவர் நுவரெலியாவில் கணிதம் படிப்பித்த காலத்தில், தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. மலைப்பாதைப் பந்தயங்களில் ஓடிய கார் என்று துரை சொன்னாராம். மாஸ்ரர் துரையை நம்பினார். ஊர் மாஸ்ரரை நம்பியது.

எண்பத்தோராம் ஆண்டு மார்கழியில், நத்தார் பண்டிகைக்கு அவருடைய மனைவி பொன்மலரின் தம்பி அன்புராஜா கொழும்பிலிருந்து புத்தம்புதிய லான்சர் காரில் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கல்லுண்டாய் வெளிப் பக்கம் காற்று வாங்கப் போனார்கள். காற்று வாங்க ஏன் ஆளுக்கொரு கார் என்று பொன்மலர் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது தம்பி விசிலடித்துக்கொண்டு முன்வாசலால் வந்தார். கணவர் பின்பக்கத்துக் குசினியால் வந்தார். அதிலேயே பொன்மலருக்கு விளங்கிவிட்டது.

"அத்தான் வருமட்டும் நான் மதகிலை இருந்து ஒரு சிகரெட் பத்தி முடிச்சிட்டன்," என்றார் அன்புராஜா.

"பாதிச் சிகரெட்," என்றார் மாஸ்ரர்.

அன்புராஜா கொழும்புக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பாதிச் சிகரெட் மாஸ்ரரின் நெஞ்சுக்குள் புகைந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் மனைவிக்கு விளக்கினார்.

"இஞ்சை பாரும். இஞ்சினைப் பெருப்பிக்கேலாது. ஆனால் அது இழுக்கிற பாரத்தைக் குறைக்கலாம். பாரம் குறைஞ்சால் வேகம் தானாய் வரும். வண்டியைக் குறைக்கிறதுதான் வழி."

"அதைத்தானே நானும் கனநாளாய்ச் சொல்லுறன்," என்ற பொன்மலர், அவருடைய சட்டையில் பொத்தான்கள் இறுகி நின்ற இடத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் தொந்திக்கும் வண்டி என்றுதான் பெயர்.

மாஸ்ரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. முதலில் தரைவிரிப்புகள் போயின. பிறகு உபரிச் சில்லு, பம்பர்கள், சாம்பல் தட்டு. உள்ளே ஒரு மூலையில் பாரமான இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் அது குளிர்காலத்தில் காருக்குள் சூடு பிடிக்கிற கருவி என்று தெரிந்தது.

"அப்ப இவ்வளவு காலமும் மானிப்பாய் வெயிலுக்கை அடுப்பையும் காவிக்கொண்டே திரிஞ்சனாங்கள்?" என்று கேட்டார் பொன்மலர்.

கண்ணாடி யன்னல்களுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்ரிக் தகடுகள் வந்தன. கதவின் உள்பக்கத்தை அகற்றி, இழுத்து மூடுவதற்கு ஒரு தோல் வாரைக் கட்டினார். பின் ஆசனம் வீட்டுக் கூடத்துக்கு இடம் மாறியது. பார்க்க வந்த போதகர் அதில்தான் அமர்த்தப்பட்டார். முழங்கால் நாடியைத் தொட அமர்ந்திருந்த அவர், "எங்கை போகப்போறம், மாஸ்ரர்?" என்று அமைதியாகக் கேட்டார்.

இவ்வளவையும் பொன்மலர் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு ஞாயிறு காலை, பூக்கரைச் சேலையும் வேதாகமமுமாக அவர் கார்க் கதவைத் திறந்தபோது, இடப்பக்க முன் ஆசனம் இருந்த இடத்தில் வெறும் தகரம் தெரிந்தது.

"நான் எங்கை இருக்கிறது?"

"கொஞ்ச நாளைக்குத்தானே. கோயிலுக்குப் பஸ் போகுதெல்லோ," என்றார் மாஸ்ரர், சாவியைத் தடவியபடி.

"என்ரை சீற் எத்தினை றாத்தல்?"

"இருபத்தைஞ்சு வரும்."

"நான்?"

இருபது வருடமாக வகுப்பில் எந்தக் கணக்குக்கும் தடுமாறாத மனிதர், குனிந்து சில்லுக்குக் காற்றுக் காணுமோ என்று பார்த்தார். பொன்மலர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். மாஸ்ரருக்கு மனம் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் காரை விட்டார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பஸ் நின்றது; பின்னால் கூப்பரும் நின்றது. புருசனும் பெண்சாதியும் கோபம் என்ற கதை ஆராதனை முடிவதற்குள் ஆட்கள் இருந்த எல்லா வாங்குகளுக்கும் பரவியிருந்தது. பொன்மலர் அதை மறுக்கவில்லை. விசாரித்தவர்களிடம், "அவர் பாரத்தைக் குறைக்கிறார்," என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக மிஞ்சியது எஞ்சினை மூடும் இரும்பு மூடி. குருநகரில் கனிசியஸ் என்பவர் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு மீன்பிடிப் படகுகள் கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்ரர் மூடியை அவரிடம் கொண்டுபோய், இதே அச்சில் ஒன்று வேண்டும் என்றார். கனிசியஸ் காருக்கு வேலை செய்தது கிடையாது. அதனால் தன் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று, படகுக்குப் போடுவது போலப் படை படையாகப் போட்டு நீல நிறத்தில் ஒரு மூடி செய்து கொடுத்தார். கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் வைத்தபோது அது இரும்பு மூடியைவிடப் பாரமாக இருந்தது.

"கடல் அடிக்கிற அடிக்குத் தாங்கும், மாஸ்ரர்," என்றார் கனிசியஸ்.

"மானிப்பாய் றோட்டிலை கடல் அடிக்காது, கனிசியஸ். மெல்லிசாய் ஒண்டு செய்யும்."

இரண்டாவது மூடி மெல்லிசாகத்தான் வந்தது. ஒற்றை விரலில் தூக்கிப் பிடிக்கலாம். மாஸ்ரர் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆசிரியர் அறையில் விரலில் தூக்கியும் காட்டினார். கூப்பரில் பூட்டி, முன்பக்கத்தை ஒரு பழைய இடுப்புப் பட்டியால் இறுக்கினார். சிவப்புக் காருக்கு நீல மூக்கு முளைத்தது. மாணவர்கள் அதை வள்ளம் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த நத்தாருக்கும் அன்புராஜா லான்சரில் வந்தார். எண்பத்துமூன்றாம் ஆண்டு பிறந்து ஓரிரு நாளில், விடிந்ததும் விடியாததுமாக இரண்டு கார்களும் கல்லுண்டாய் வெளியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மரமில்லாத வெட்டை. மாரி மழைத் தண்ணீர் தெருவின் இரண்டு பக்கமும் நிரம்பி நின்றது. வாடைக்காற்று இடப்பக்கத்தால் வீசியது. பட்டணப் பக்கமாகத் தூரத்தில் தெரிந்த மதகுதான் எல்லை. தன் மூடி ஓடுவதைப் பார்க்க வந்த கனிசியஸை நடுவராக அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

"அத்தான், கயிறு ஏதும் கொண்டு வந்தனீங்களோ? காத்துக்குப் பறந்து போனாலும்," என்றார் அன்புராஜா.

முதல் ஓட்டத்தில் கூப்பர் பாய்ந்து புறப்பட்டது. லான்சரின் விளக்குகள் பின்னுக்குப் போவதைப் பார்த்து மாஸ்ரர் வாய்விட்டுச் சிரித்தார். பாதித் தூரத்தில் காற்று ஓங்கியது. கார் நடுத்தெருவுக்குத் தள்ளுப்பட்டது. திருப்பினார், மறுபக்கம் துள்ளியது. பிளாஸ்ரிக் யன்னல்கள் படபடத்தன. ஓடுவது தானா காற்றா என்று அவருக்கே தெரியவில்லை. காலை எடுத்துவிட்டார். அன்புராஜா கையசைத்துக்கொண்டு கடந்து போனார்.

புறப்பட்ட இடத்துக்கு இருவரும் திரும்பி வந்தபோது மாஸ்ரரின் முகம் வெளிறியிருந்தது. லான்சரில் தம்பியோடு வந்து தெருவோரம் நின்ற பொன்மலர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன செய்யுது?"

"காத்துத் தூக்குது. இந்தப் பக்கம் பாரம் காணாது," என்றார் மாஸ்ரர், இடப்பக்கத்து வெறுந்தகரத்தைப் பார்த்தபடி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

பொன்மலர் அவசரப்படவில்லை. "எத்தினை றாத்தல் காணாது?" என்று கேட்டார்.

"பொன்மலர், நீர் இப்ப..."

"கணக்கு வாத்தியார்தானே. சொல்லுங்கோ."

"உம்மளவு," என்றார் மாஸ்ரர்.

பொன்மலர் லான்சரிலிருந்து ஒரு சாக்கை எடுத்து மடித்துத் தகரத்தில் போட்டார். சேலையை ஒடுக்கிக்கொண்டு அதில் அமர்ந்தார். தோல் வாரை இழுத்துக் கதவைச் சாத்தினார். "அன்பு," என்று தம்பியைக் கூப்பிட்டார், "இன்னொருக்கால் ஓடுவம்."

இந்த முறை கூப்பர் தெருவைப் பிடித்துக்கொண்டு ஓடியது. காற்று அடித்தது, கார் அசைந்தது, ஆனால் தள்ளுப்படவில்லை. லான்சர் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கை வாரிலும் ஒரு கை கணவரின் தோளிலுமாகக் குந்தியிருந்த பொன்மலருக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை.

"ஆர் முன்னுக்கு?"

"நாங்கள்தான். ஒரு முழம்."

"ஒரு முழம் பூவுக்குக் காணும். அமத்துங்கோ."

மாஸ்ரர் காலை இன்னும் அழுத்தினார். மதகு கிட்டியபோது இடுப்புப் பட்டி பட்டென்று அறுந்தது. நீல மூடி எழும்பி முன்கண்ணாடி முழுவதையும் மறைத்தது. ஒரு நொடி. பிறகு கழன்று, காற்றோடு வலப்பக்கம் சாய்ந்து, லான்சரின் கூரையைத் தாண்டித் தண்ணீருக்குள் போய் விழுந்தது. அன்புராஜா பிறேக்கை மிதித்தார். மாஸ்ரரின் காலும் தானாகப் பிறேக்குக்குப் போனது.

"நிப்பாட்டாதேங்கோ," என்றார் பொன்மலர், கோயிலில் பக்கத்து ஆளிடம் பாட்டின் எண் கேட்கிற குரலில்.

எஞ்சின் திறந்த வானத்தைப் பார்த்துச் சத்தமிட, கூப்பர் மதகைக் கடந்து நின்றது. பொன்மலர் மாஸ்ரரின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள், நிறுத்த முடியவில்லை.

அன்புராஜா வந்து இறங்கினார். "அத்தான், இது வெற்றியே? பாதிக் கார் தண்ணிக்கை கிடக்குது."

"மிச்சப் பாதி முதல் வந்தது," என்றார் மாஸ்ரர்.

இருவரும் நடுவரைத் தேடினார்கள். கனிசியஸ் அங்கே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அவருக்கு முன்னால் நீல மூடி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. அவர் அதை மெல்லத் தள்ளிவிட்டுப் பார்த்தார். சரிவில்லாமல் நேராகப் போனது.

"ஒரு சொட்டுத் தண்ணி ஏறேல்லை," என்று கரையைப் பார்த்துச் சொன்னார். பந்தயத்தில் யார் முதல் வந்தது என்று கேட்டதற்கு, தான் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதுதான் எல்லாரையும் முந்தியதாகவும் சொல்லிவிட்டார்.

வழக்குத் தீரவில்லை. வீட்டில் அன்றைய காலைச் சாப்பாடு மத்தியானம் வரை இழுபட்டது. மாஸ்ரர் எழுந்து கூடத்துக்குப் போய், கழற்றி வைத்த சாமான்களுக்குள் இடப்பக்க ஆசனத்தின் திருகாணிகளைத் தேடத் தொடங்கினார். பொன்மலர் இரண்டாவது தேத்தண்ணி கொண்டு வந்தபோது மேசையில் தம்பியைக் காணவில்லை. முற்றத்தில், லான்சரின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, கனிசியஸோடு குரலைத் தணித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தினை றாத்தல் வரும்?" என்று அவர் கேட்டது பொன்மலருக்குத் தெளிவாகக் கேட்டது.