இரண்டாம் காலத்தில் ஒரு பதிகம்

கூதிர்ப் பருவம் ஓசையின்றி வந்து ஊரின்மேல் அமர்ந்திருந்தது. நண்பகலிலும் வெயிலுக்கு நிறமில்லை. இலையுதிர்ந்த கிளைகளில் ஈரம் சொட்டாமல் தொங்கியது. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் மட்டும் ஆவி அடங்கவில்லை.

பெண்கள் இருவர் இருவராய் எதிரெதிரே நின்று விரிப்புகளை உதறி, இழுத்து, நடந்துவந்து முனை சேர்த்தார்கள். அவர்களில் ஒருத்தியான பாட்டுக்காரி பதிகம் எடுத்தால் ஒரு வரிக்கு ஒரு விரிப்பு. வரி முடியும்போது எல்லா மேசைகளிலும் முனைகள் ஒருங்கே சேரும். கடல் கடந்து வந்த ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் வாய்விட்டுப் பாட வாய்த்த இடம் இது ஒன்றே. வாடகை அறைகளில் சத்தம் கூடாது.

சென்ற வாரம் மேலதிகாரிகள் பார்வையிட வந்தபோது, பாட்டைக் கேட்க வந்தவர்கள் என்றெண்ணி அவள் அதே பதிகத்தை இரண்டாம் காலத்தில், இருமடங்கு விரைவாகப் பாடிக்காட்டினாள். கைகளும் உடன் பறந்தன. வந்தவர்கள் கையில் நொடி அளக்கும் கடிகாரம் இருந்தது.

இன்று மேசைதோறும் ஒரு சிவப்பு விளக்கு; வேகம் குறைந்தால் எரியும்.

"அக்கா, அன்னிக்குப் பாடின வேகந்தான் இனிமே அளவு," என்றார் மேஸ்திரி. "ஒரே நாள்ல மூணு தடவை செவப்பு எரிஞ்சா வேலை போயிரும்."

"விருந்தாளிக்குப் பாடினதுப்பா அது! தெனமும் அப்படி ஓட்டினா சாமிக்கே மூச்சு வாங்கும்."

"சாமிக்கு ஷிப்ட் இல்லக்கா. உங்களுக்கு இருக்கு."

பாட்டுக்காரிக்கு ஜோடியாய் எதிரே நின்ற அவள் அண்ணிக்கு இளைப்பு நோய். வேலை போனால் இந்நாட்டில் தங்கும் அனுமதியும் போகும். உச்சிவேளைக்குள் அவர்கள் மேசையில் இருமுறை விளக்கு எரிந்துவிட்டது.

"நீ வேற ஜோடி பாத்துக்க. என்னோட சேர்ந்து நீயும் முங்காத."

"பேசாம மூச்சு விடுங்க அண்ணி. வாய் எனக்கு, மூச்சு உங்களுக்கு."

மறுபடி விரைந்து பாடினாள். நான்காம் வரியில் அண்ணியின் கை நழுவியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள்.

பாட்டுக்காரி நிறுத்தினாள். பிறகு பதிகத்தை முதலிலிருந்து, பாட வேண்டிய நடையில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடம்விட்டு எடுத்தாள். அடுத்த மேசை தன் வேகத்தைக் குறைத்தது. அதற்கடுத்ததும் குறைத்தது. வரி முடிந்தபோது கூடமெங்கும் முனைகள் ஒன்றாய்ச் சேர்ந்தன.

விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஸ்திரி தாளெடுத்து மேசை எண்களை எழுதத் தொடங்கினார்.

அண்ணி கண்களை மூடி, ஈரம் காயாத கைகளைக் குவித்து, கடைசி வரிவரை நின்றாள். பின் எட்டிப் பாட்டுக்காரியின் தலைமேல் கைவைத்தாள்.

"நல்லா இரு, கண்ணு. நூறு வருஷம் நல்லா இரு."