நிக்காத மீனும் என் அத்தானும்

எங்க அக்கா புருஷனுக்கு மீனைப் பத்தித் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, முள் இருக்கும். இன்னொண்ணு, அது தொண்டையில சிக்கும். அந்த மகானைத்தான் எங்க மீன் காட்சியகத்துக்கு மேனேஜராக் கொண்டுவந்து உட்கார வச்சாங்க.

நான் அங்க மீனுங்களுக்குத் தீனி போடுறவ. பெரிய வட்டத் தொட்டியில ஏழு சூரை மீன் இருந்துச்சு, மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. மூணு வருஷமா என் கையால தின்னு வளர்ந்தது. அதுவும் போச்சுன்னா அந்தக் கட்டடத்துல எனக்கு யார் இருக்கா?

அத்தானுக்கு அது மேலதான் எரிச்சல்.

"எந்நேரமும் சுத்திட்டே இருக்கு. போட்டோ எடுத்தா வெறும் கோடா விழுது. கொஞ்ச நேரம் நிக்க வையேன்."

"அத்தான், மத்த மீனுங்க செவுளை அசைச்சு மூச்சு விடும். இதுக்கு அது பத்தாது. வாயைத் திறந்துட்டு நீந்திட்டே இருக்கணும், அப்பத்தான் செவுளுக்குத் தண்ணி போகும். வேகத்துக்குன்னே பிறந்த உடம்பு, துடுப்பைக்கூட உடம்புல இருக்கிற பள்ளத்துல மடக்கி வச்சுக்கும். நின்னா செத்துரும்."

"தூங்காமலா இருக்கும்? யாருக்குக் காது குத்துற?"

மறுநாள் நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ரெண்டு ஆளை வச்சு அதை வாசல்ல இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மாத்திட்டார். திரும்பக்கூட இடமில்லாத பெட்டி. பத்திரிகைக்காரங்க கேமராவோட வந்திருந்தாங்க. அத்தான் புதுக் கோட்டுல பல்லைக் காட்டிட்டு நின்னார். நான் திரும்பி வந்தப்போ மீன் வாயைப் பிளந்துட்டு, நிறம் மங்கிக் கிடந்துச்சு.

"பாத்தியா, எவ்வளவு அடக்கமா நிக்குது!"

நான் பெட்டிக்குள்ள கையை விட்டேன். "நிக்கலை, சாகுது! பிடிங்க அந்தப் பக்கம்!"

ஈரத் துணியில சுருட்டித் தூக்கிட்டு ஓடினோம், கேமராக்காரங்களும் பின்னாடியே வந்தாங்க. வட்டத் தொட்டிக்குள்ள ஓரமா, இடுப்பளவு தண்ணியில சுத்திலும் ஒரு படி உண்டு. அதுல அவரைக் கோட்டோட இறக்கி, நானும் இறங்கினேன். "நான் வாயைப் பிளந்து பிடிக்கிறேன். நீங்க வயித்தைத் தாங்கிட்டு நடங்க."

நாலு சுத்துலேயே அத்தானுக்கு மூச்சு வாங்கிச்சு. "கொஞ்சம் நிக்கலாமா?"

"நின்னா செத்துரும்னு நேத்தே சொன்னேன்."

"மீன்தானே?"

"இன்னைக்கு நீங்களும்தான்."

பதினோராவது சுத்துல வால் துடிச்சுது. அத்தான் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டுட்டு விருட்டுனு பாஞ்சு போயிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அடுத்த நாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. மீன் வழக்கம்போல வெறும் கோடுதான். கன்னத்தைப் பிடிச்சுட்டு நின்ன அத்தான் மட்டும் ரொம்பத் தெளிவா விழுந்திருந்தார்.