றஸாக்கின் முதுகு

சாய்ந்தமருது சுஹறா நண்பகல் தொழுகையான ளுஹரைப் பிந்தித் தொழும்போதெல்லாம், தோஹாவில் வேலை செய்யும் அவளுடைய கணவன் றஸாக்கின் முதுகு எதிரே தெரியும். இங்கே தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி நின்றால் தோஹாவும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான், சற்று வலப்புறமாக. தையல் வேலையில் நேரம் போய், இரண்டு மணி தாண்டித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய ஒரு நாளில் அது முதன்முதலாக நடந்தது. அங்கே கடிகாரம் இரண்டரை மணித்தியாலம் பின்னால், பள்ளிவாசலில் அப்போதுதான் ஜமாஅத்தாக வரிசையில் நிற்கும் நேரம். றஸாக்கும் கஃபாவை நோக்கி நின்றதால் அவளுக்குக் கிடைத்தது முதுகும் இடது காதும்தான். தொழுகை முடிவில் இடப்பக்கம் திரும்பி இரண்டாவது ஸலாம் கொடுக்கும்போது இடது கன்னம் ஒரு கணம் தெரியும், பிறகு வெறும் சுவர். மௌலவியிடம் ஆள்விட்டுக் கேட்டாள். பார்வை ஸுஜூதில் நெற்றி படும் இடத்தில் இருக்க வேண்டும், தானாக வந்து தெரிவதில் குற்றமில்லை என்று அவர் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து அவள் ளுஹரைப் பிந்தியே தொழுதாள்.

கட்டுநாயக்காவிலிருந்து விமானம் ஐந்து மணித்தியாலத்துக்குள் தோஹாவுக்குப் போய்விடும். சாய்ந்தமருதிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போக பஸ்ஸுக்கு எட்டு மணித்தியாலம் போதாது. உன் புருசன் பக்கத்தில்தான் இருக்கிறார், நீதான் தூரத்தில் கிடக்கிறாய் என்று அடுத்த வீட்டு ஹிமாயா சீண்டுவாள். சுஹறாவுக்குச் சிரிப்பு வராது. மகள் றஸ்னாவுக்கு வீடு கட்டி முடித்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிப் போன மனிதன். அத்திவாரம் போட்ட வருடம் பிடரியில் நரை இருக்கவில்லை. சுவர் எழும்பிய வருடம் இருந்தது. கூரைக்கு மரம் வாங்கிய வருடம் ஒரு தோள் சரிந்தது. வீடியோ கோலில் வந்த முகமோ எப்போதும் சிரித்தபடி, சுகம் என்றே சொன்னது. ஒருதரமாவது அந்த மனிதன் திரும்பித் தன்னைப் பார்க்க மாட்டானா என்று அவள் ஏங்கினாள்.

நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் றஸாக் நிற்காமல் கதிரையில் இருந்து தொழுவதைக் கண்டாள். மறுநாளும் கதிரைதான். அன்று பின்னேரம் கோல் எடுத்து வழக்கம்போலச் சிரித்தான்.

"எப்ப இருந்து கதிரையில இருந்து தொழுறீங்க?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. வேலைத்தளத்தில் விழுந்து முழங்கால் போனதையும், வீட்டு வேலை நின்றுவிடும் என்று பயந்து மறைத்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். யார் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"ஒருத்தரும் சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் நான் உங்களுக்குப் பின்னாலதான் நிக்கன். கூரை கிடக்கட்டும், வந்திருங்க."

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. கொம்பனி அவனுடைய பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. மறுநாள் ளுஹரில் இரண்டாவது ஸலாமும் கொடுத்த பிறகு, றஸாக் எழும்பி, கதிரையை முழுதாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பின்வரிசையிலிருந்த வங்காளி தன்னைத்தான் பார்க்கிறானென்று நினைத்து ஸலாம் சொன்னான். றஸாக் பதில் சொல்லிவிட்டு, அவனைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சுஹறாவுக்கு எதிரே சுவர் வரவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள்.

இப்போதெல்லாம் இரண்டு மணிக்குப் பிறகு சுஹறாவின் கதவை யாரும் தட்டுவதில்லை. மீன்காரன்கூட அந்த வாசலில் சத்தம் போடாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான். புருசன் வீட்டில் இருக்கிற நேரம் என்று தெருவுக்கே தெரியும்.