என் தலைக்கு ஒரு தொப்பி

என் மனைவி பர்க்கே தைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு நடப்பவனுக்கு லாமு தீவில் தனி மிடுக்கு வந்துவிடும். வெள்ளைத் துணியில் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் நூலால் சுற்றித் தைப்பாள். ஒரு தொப்பிக்கு நான்கு மாதம். ஒரு துளை கடுகளவு பெரிதாகிவிட்டால் போச்சு, வரிசை முழுவதையும் பிரித்துப்போடுவாள். அக்கரையில் மொம்பாசா நகரத்திலிருந்து பெரிய மனிதர்கள் ஆளனுப்பிக் காத்துக்கிடப்பார்கள்.

நானும் காத்துக்கிடந்தேன். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனுக்குத் தன் கையால் ஒரு தொப்பி தைத்துக் கொடுப்பாள். பர்க்கே எனக்கு ஆரம்பித்தது மகள் ஷம்ஸாவின் கல்யாணத்துக்காக. ஷம்ஸாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

"உங்களுக்குன்னா ஏனோதானோன்னு தைக்க முடியுமா?" என்பாள், பிரித்துக்கொண்டே. கேட்க நன்றாகத்தான் இருந்தது, முதல் இரண்டு வருஷம்.

படகுத்துறையில் கூட்டாளி லாலி சும்மா விடமாட்டான். "ஊருக்கெல்லாம் உன் பொண்டாட்டி தைக்கிறா, உனக்கு மட்டும் சீனாக்காரன் தைக்கிறானாக்கும்!" என்று என் கடைத்தொப்பியைத் தட்டிவிடுவான். சிரித்து மழுப்புவேன்.

வீட்டுக்கு வந்து துவரையைத் தேங்காய்ப்பாலில் நானே வேகவைத்து அவள் பக்கத்தில் ஒரு தட்டு வைப்பேன். ஆறிப்போகும். எறும்பு வரும். ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். சில நாள் முந்தாநாள் கேட்டதற்கு இன்று பதில் வரும். கெட்ட குணம் என்று ஒன்று அவளிடம் கிடையாது, அதுதான் கொடுமை. சண்டை போடவாவது எதிரே ஓர் ஆள் வேண்டாமா? எனக்கு அலுத்துப்போய்விட்டது.

போன மாதம் சொல்லிவிட்டேன். "நான் மொம்பாசா போறேன். இனிமே ஷம்ஸா வீட்டோட இருந்துக்கறேன். நீயும் வா."

"தொப்பி முடியட்டும். போட்டுக்கிட்டே போங்க."

"வர்றியா இல்லையான்னு கேட்டேன்."

"இன்னும் ஒரு வரிசைதான், ஷம்ஸா வாப்பா."

செவ்வாய்க்கிழமை காலை மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தேன். அக்கரைக்குப் படகு ஒன்பது மணிக்கு. அப்போது எழுந்து வந்தாள், கையில் தொப்பி. அடடா! பொய் சொல்லக்கூடாது, அப்படியொரு வேலைப்பாட்டை நான் பார்த்ததேயில்லை. தலையைக் குனிந்தேன். அவளே வைத்துவிட்டாள்.

தொப்பி காதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்து புருவத்தில் நின்றது.

அதைத் தூக்கிவிட்டு என் தலையையே பார்த்தாள். "முடி எங்க?"

"எந்த முடி?"

"புதர் மாதிரி இருந்துச்சே. அதோட சேர்த்துதானே அளவெடுத்தேன்."

"அது போய் ஆறு வருஷமாச்சு, பர்க்கே."

"ஆறு வருஷமா?" அவள் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, எனக்குத் தெரியவே இல்லையே. பக்கத்துலயேதானே இருந்தீங்க."

தோளைப் பிடித்து என்னை முக்காலியில் உட்காரவைத்தாள். அவள் விரல்கள் என் வழுக்கையில் மெல்ல ஊர்ந்தன, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும். இந்தக் கை என்மேல் பட்டு எத்தனை காலம்! கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். மொம்பாசாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் காதோரம் நூல் உரசியது. தலையைச் சுற்றி இழுத்துப் பிடித்து, பல்லால் கடித்து அறுத்தாள். அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

துறையில் படகின் இயந்திரம் உறுமத் தொடங்கியது. ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் அவளுடைய இன்னொரு கை இன்னும் என் உச்சந்தலையில்தான் இருந்தது.

"ஆடாம இருங்க," என்றாள்.

ஆடாமல் இருந்தேன்.