தபசு காலத்தின் பன்னிரண்டாவது அட்டை

விபூதிப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை நாற்பத்தாறு நாள். மாதா கோயில்காரர்கள் அதை நாற்பது என்பார்கள்; ஆறு ஞாயிறுகளைச் சேர்ப்பதில்லை. இதைக் கண்டு எழுதியவள் காந்தா. பி.எஸ்ஸி. படித்த நான் கண்டிருக்க வேண்டும்.

அது 1971. செவிலிமேட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம், சமயச் சொற்களுக்கு ஓர் அகராதி செய்துகொண்டிருந்தார். காந்தாவும் நானும் அதற்குக் குறிப்பு அட்டைகள் எழுதினோம், அவர் பழக்கிய ஒரே மாதிரி எழுத்தில். விதி ஒன்றுதான்: அந்தந்தச் சமயத்தாரைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. இரண்டாம் பாகத்துக்கு எங்களில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்.

என் வீட்டார் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து மணிக்கே நான் டவுன் பஸ் பிடிப்பேன். காந்தா ஏழு வரை இருப்பாள். நல்ல சொற்களையெல்லாம் சார் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் எடுத்துக் கொடுப்பார். 'தபசு காலம்' அப்படித்தான் அவளுக்குப் போனது.

தபசு என்றால் முதலில் சூடு. பிறகு உடம்பை வருத்தும் நோன்பு. மாதா கோயிலுக்குப் போனதும் பாவத்துக்காக வருந்துவது. அப்புறம் அந்த நாட்களுக்கே பெயர். இப்போது பூசையில் 'தவக்காலம்' என்கிறார்கள். இதையெல்லாம் காந்தா பதினோரு அட்டையில் அடுக்கியிருந்தாள்.

"தறிக்குப் பாவு ஓட்டின மாதிரி இழை பிசகாம இருக்குதும்மா," என்றார் சார். என் அட்டைகளைப் புரட்டி, "சுத்தமா இருக்குது," என்றார்.

தபசு எங்கள் வீட்டுச் சொல். வினையைக் காய்ச்சிப் போக்கும் சூடு. அம்மா அஷ்டமிக்கு அஷ்டமி நோன்பு இருக்கிறாள். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் எதையும் பார்க்கவில்லை.

"சாப்பாட்டு விஷயம் மட்டும் பாக்கி. சனிக்கெழம ஜெயம்மாக்கா வருவாங்க, கேட்டுக்கலாம் குணா," என்றாள் காந்தா மறுநாள்.

சனிக்கிழமை அவள் அட்டைக்கட்டுக்குள் பன்னிரண்டு அட்டைகள் இருந்தன.

ஜெயம்மாள் மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். சார் ஒவ்வொன்றாகப் படிக்க, தலையாட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதில் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது? 'தபசு நாட்களில் கிறிஸ்தவர் பொழுது சாயுமுன் உண்பர்'ங்குதே! எங்க அப்பா பகலெல்லாம் வயித்தக் கட்டிக்கினு இருந்து, வெளக்கு வெச்சாத்தான் கஞ்சி குடிப்பாரு. இத உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

சார் சிரிக்கவில்லை. "கேக்காம எழுதாதன்னு சொன்னேனா இல்லியா காந்தா?"

"நான் எழுதல சார்."

"உன் கட்டுலதான இருந்துது?"

"இருந்துது. ஆனா சத்தியமா நான் எழுதல. எங்க ஊட்ல ஏர் அவுத்துட்டு வந்து ராத்திரிதான் சார் சோறே."

"தப்புகூட பரவாயில்ல, பொய் வேணாம்மா. நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

நான் விரும்பியது நடந்துவிட்டது. அந்த வரிக்குப் பாராட்டு வரும், அப்போது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். காந்தா பேனாவை மூடிப் பையில் வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. சந்தேகப்படவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஜெயம்மாள் அட்டையை இன்னும் கையில் வைத்திருந்தார். "பொழுதோட சாப்பிடறது யாரு ஊட்டு வழக்கம்மா இது?"

நான் எழுந்தேன்.

"எங்க ஊட்டு வழக்கம். அந்த அட்டைய எழுதி, காந்தா கட்டுல வெச்சது நான்தான் சார்."