கடல் திருப்பித் தந்த எஞ்சின்

கைபாரியென் என்ற கடலோர ஊரில் எலூத்தேரியோவின் செவ்ரோலெ காருக்குக் கடல் எஞ்சினைத் துண்டு துண்டாகத் திருப்பித் தந்தது. முதலில் வந்தது ஸ்பார்க் பிளக். எஞ்சின் இல்லாத குழியில் கோழி முட்டையிட்டு வந்தது. முட்டை எடுக்கலாமென்று பானெட்டைத் திறந்த எலூத்தேரியோ, வைக்கோலுக்கு நடுவே அந்தப் பிளக் பாசியும் ஈரமுமாகக் கிடப்பதைப் பார்த்தான். எஞ்சினைக் கழற்றிப் படகில் பூட்டிக்கொண்டு வடக்கே அக்கரை நாட்டுக்குப் போனவன் அவன் மகன் ஓஸ்னியேல். பாதித் தெரு பிழைப்புத் தேடிக் கடலேறிப் போன பஞ்ச வருஷம் அது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. எலூத்தேரியோ, “எஞ்சினைத் திருடிட்டான் பாவி” என்று ஊரெல்லாம் திட்டித் திரிந்தான். மகனுக்காக அழுவதைவிட எஞ்சினுக்காகத் திட்டுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அதன்பின் வால்வு, பிஸ்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன; ஒருநாள் விடியலில் நண்டுகள் ஒட்டிய சிலிண்டர் பிளாக்கே வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் அவன் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு உப்பைச் சுரண்டினான். பற்பசை வைத்து வால்வுகளைத் தேய்த்தான், உடைந்த பிஸ்டன் வளையங்களுக்கு மாற்றுத் தேடிப் பழைய டிராக்டரைக் குடைந்தான். ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. “கடல்கிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குறவன் நீ ஒருத்தன்தான்யா. எனக்கும் ஒரு டைனமோ சொல்லி வையேன்” என்றான் பக்கத்து வீட்டு ஃபெர்மின். மனைவி நெரெய்டா மட்டும் ஒருமுறை கேட்டாள்: “எல்லாம் இங்க வந்துட்டா, அவன் படகு எதுலய்யா ஓடுது?”

“அங்க போய்ப் புதுசு வாங்கியிருப்பான். பழசைத் தூக்கிப் போட்டிருப்பான்” என்றான்.

வருஷங்கள் போயின. எல்லாம் சேர்ந்துவிட்டது, கார்புரேட்டர் மட்டும் வரவில்லை. பக்கத்து நகரமான சாந்தா கிளாராவில் வேறொன்று கிடைத்தும் அவன் வாங்கவில்லை. இத்தனையும் தந்த கடல் இதையும் தரும் என்றிருந்தான். ஒரு விடியலில், நெரெய்டா முந்தானைபோலச் சமையல் ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனான். அவள் ஏப்ரனிலிருந்து எடுத்தது கார்புரேட்டர். உடைந்த கம்பிக்குப் பதில் ஓஸ்னியேல் மாட்டியிருந்த அம்மாவின் கொண்டை ஊசி அதில் அப்படியே இருந்தது. அவள் அதைத் தண்ணீரில் எறிந்தாள்.

“பைத்தியமாடி உனக்கு? எத்தனை நாளா நடக்குது இது?”

“வந்த நாள்லேருந்து. நீ எழுமுன்னே நான் எடுத்துப் போடுறேன், அது மறுநாள் மறுபடி கார்ல வந்து கிடக்குது.” அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது ஒண்ணாவது அவன்கிட்ட இருக்கட்டும்யா. இதுவும் வந்துட்டா, புள்ள எப்படி வருவான்?”

எலூத்தேரியோ அங்கேயே பலகையில் உட்கார்ந்து, மகன் போனதற்காக அன்றுதான் முதன்முதலாக அழுதான்.

மறுநாள் அவளுக்கு முன்னமே எழுந்து பானெட்டைத் திறந்தான். கார்புரேட்டர் இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினான், துளைகளை ஊதினான், கொண்டை ஊசியை நிமிர்த்தி எண்ணெய் விட்டான். எஞ்சினில் மாட்டப்போகிறான் என்று நினைத்த நெரெய்டா, காப்பிக் குவளையோடு வாசற்படியில் அசையாமல் நின்றாள். அவன் அதைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தான்.

“உப்போட போடாதே இனிமே. அடைச்சுக்கும். நடுக்கடல்ல நின்னுடுவான்.”

இப்போது தினமும் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு இருவரும்தான் போகிறார்கள். துறையில் தூண்டில் போடுகிறவர்கள் அவர்களைக் கண்டதும் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.