இரண்டு கைக்கு ஒரு கடிகாரம்

...இதோ, மறுபடியும் என்னை ஏரிக்குள் இறக்கிவிட்டது. தார்ச்சாலையில், ஷூவில் ஒரு சொட்டு ஈரம் படாமல் நான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன், மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தப் புதுக் கடிகாரம் வரைபடத்தில் என்னைக் கரையிலிருந்து இருபதடி தள்ளித் தண்ணீரில் ஓடவிடுகிறது, நேற்றும் இதே இடம்தான், முந்தாநாளும் இதே இடம்தான்... ஓட்டம், நீச்சல், சைக்கிள், மலையேற்றம் என்று நாற்பது விளையாட்டுக்கு ஒரே கடிகாரம், ஆகாயத்தில் அத்தனை செயற்கைக்கோளோடும் பேசுமாம், சாலை எது தண்ணீர் எது என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிக்கிறது. நல்லது, இதையும் எழுத வேண்டியதுதான். திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள், வாங்கிய பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், இன்று பகல் பன்னிரண்டு மணியோடு பத்து நாள் முடிகிறது, பெட்டி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் உறையைக்கூட நான் கிழிக்கவில்லை, மெதுவாகப் பிரித்தேன், அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்குமோ... இல்லை, அதெல்லாம் இல்லை, நான் எதையுமே அப்படித்தான் பிரிப்பேன், நான் பழுது பார்க்கிற லிஃப்ட்டுகளுக்கு வரும் உதிரி பாகங்களையும் அப்படித்தான். கூட வேலை செய்யும் பார்ட்னர் கேலி செய்வான், ஸ்க்ரூ பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும் என்பான்.

இது வெளிவரப் போகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருந்தேன், போனில் இதைப் பற்றி யார் எதைப் பேசினாலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன், இவள்தான் அலுத்துக்கொண்டாள், பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லையே நீங்கள் என்றாள். சரிதான், அன்றைக்கு எனக்குக் கூச்சம்... பழைய கடிகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆறு வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். எப்படி என்று கேட்டால் சிரிப்பார்கள். ராத்திரி அவள் கையில் இருக்கும், எனக்குக் கையில் எதையாவது கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது, விடிந்ததும் நான் எழுந்து நிற்பேன், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும், கண்ணைத் திறக்க மாட்டாள், நான் வாரைக் கழற்றி எடுத்துக்கொள்வேன். ஓட்டத்தை நகராட்சி நீச்சல் குளத்து வாசலில்தான் முடிப்பேன், அதற்குள் அவள் சைக்கிளில் அங்கே வந்திருப்பாள், சட்டையில் துடைத்து அவள் கையில் கட்டிவிடுவேன், என் துளை ஆறாவது, அவளுடையது மூன்றாவது, என் வேர்வை பட்டது என்று முகத்தைச் சுளிப்பாள், ஆனால் கையை இழுத்துக்கொண்டது கிடையாது. அப்புறம் அவள் நீந்தப் போவாள், நான் நடந்து வீட்டுக்கு வந்து டீ போடுவேன். அவள் நீந்தி முடித்து ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குக் கிளம்பினால், கையுறை போடும் வேலை, கடிகாரம் ஆகாது, நாள் முழுக்க அது சார்ஜரில் கிடக்கும். இப்படி ஆறு வருடம். கடிகாரத்தைப் பொறுத்தவரை நாங்கள் ஒரே ஆள், காலையில் ஓடி, மூச்சு வாங்காமல் அப்படியே குளத்தில் குதித்து, முப்பது தடவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்விட்டு வருகிற ஒரு மகா சூரன். அந்தச் சூரனுக்கு அது கொடுத்த உடல் வயது முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தொன்பது நடக்கிறது, அந்த முப்பத்தெட்டை நான் வேலையிடத்தில் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்... கூசாமல் காட்டியிருக்கிறேன்.

புதியது அறுபத்தொன்று என்கிறது. வாங்கிய மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னது, அதிர்ந்துவிட்டுச் சொன்னது, ஏதோ பரிசு விழுந்ததுபோல. நுரையோடு அப்படியே நின்றேன். இவள் வெளியிலிருந்து கதவைத் தட்டி, உள்ளே தூங்கிட்டீங்களா என்றாள், இல்லை என்றேன், என் முகத்தில் ஈயாடவில்லை என்பது கண்ணாடியில் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து இந்தக் கடிகாரத்தின் குற்றங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் என் வேலை. ஏரியில் இறக்குகிறது. இருபது நாள் நிற்கும் என்ற சார்ஜ் ஆறு நாளில் தீர்ந்தது. லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று அது ஓடும் ஷாஃப்ட்டைச் சோதித்துக்கொண்டு நாலு தடவை மேலும் கீழும் போய்வந்தேன், நூற்றுப்பன்னிரண்டு மாடி ஏறிவிட்டீர்கள், சபாஷ் என்றது. பார்ட்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “லிஃப்ட்ல போனதுக்கே சபாஷா? அப்ப இங்க குடியிருக்கிற அத்தனை பேருக்கும் கோப்பை குடுக்கணும்!” நானும் சிரித்தேன், எனக்கு மகா சந்தோஷம். லிஃப்ட்டில் போனதைப் படியேறியதாக நினைக்கிற ஒரு மக்குக் கடிகாரம் சொல்லும் வயதை எவன் நம்புவான்? அதையும் எழுத வேண்டும், மூன்று வரி போதாது, தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதலாமா, எழுதினால் கடைக்காரப் பையன் படிப்பானா...

மூச்சு வாங்குகிறது. பாலம் தாண்டிவிட்டேனா, இந்தப் பத்து நாளாகப் பாலத்தில் திரும்பி வீட்டுக்கு ஓடிவிடுவேன், குளத்து வாசலுக்குப் போக ஒரு காரியமும் இல்லையே, அவளுக்குத்தான் பழைய கடிகாரம் சொந்தமாகிவிட்டதே, ஆளுக்கு ஒன்று, தகராறு இல்லை. இன்று கால் பாட்டுக்குக் குளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. போகட்டும். கொஞ்சம் மெதுவாகப் போகட்டும்... போன மாதம் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்தேனே, அன்று லிஃப்ட் நின்றுவிட்டது, மோட்டார் அறை மொட்டை மாடியில், படியேறித்தான் போக வேண்டும், இருபத்திரண்டு வருடமாக ஏறுகிற படிதான், ஒன்பதாவது மாடியில் நெஞ்சுக்குள் யாரோ கதவை இழுத்துச் சாத்தியதுபோல் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். என்ன என்றான் பார்ட்னர், ஷூ கயிறு என்றேன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன், இரண்டு காலுக்கும், நிதானமாக. அவன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். அன்று மாலைதான் கடைக்குப் போய் இந்தப் புது மாடலுக்கு முன்பதிவு செய்தேன், அதுவரை பார்ப்பதோடு சரி, வாங்குவதென்று முடிவெடுக்கவே இல்லை. எதற்கு வாங்கினேன்? உனக்கு ஒன்றுமில்லையப்பா, போய் வேலையைப் பார் என்று அது சொல்லும் என்றுதானே? பழையது எப்போதும் அப்படித்தான் சொன்னது, புதியது இன்னும் அழுத்தமாகச் சொல்லும் என்று நினைத்தேன்... லிஃப்ட்டில் எடை அதிகமானால் ஒரு மணி அடிக்கும், கதவு மூடாது, உடனே எனக்குப் போன் வரும், மணி கெட்டுப்போச்சு சீக்கிரம் வாங்க என்பார்கள், போய்ப் பார்த்தால் யாராவது வீட்டு வேலைக்கு டைல்ஸ் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். மணியைத் திட்டாதீங்க, பெட்டியை இறக்குங்க என்று இத்தனை வருடத்தில் எத்தனை வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருப்பேன், சொல்லும்போது கொஞ்சம் நக்கலும் இருக்கும்.

அப்போ அந்த முப்பத்தெட்டு? அது யாருடையது? இதை நான் ஒரு வாரமாக யோசிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன்... ராத்திரி முழுக்க அது இருந்தது அவள் கையில், தூங்கும்போது துடிக்கும் துடிப்பை வைத்துத்தான் வயதைக் கணக்குப் போடுகிறது என்று கையேட்டில் எழுதியிருக்கிறது, நிமிடத்துக்கு ஐம்பத்துநான்கு, அது அவளுடைய ஐம்பத்துநான்கு, குறட்டைகூட விடாமல் ஒருக்களித்துப் படுத்திருப்பாளே அந்த மனுஷியுடையது. ஆறு வருடமாக அவள் இதயத்தை என் பெயரில் ஊரெல்லாம் காட்டி மார்தட்டியிருக்கிறேன். இந்தப் பத்து நாளாகத்தான், புதுசு என்கிற ஆசையில், நானே ராத்திரியிலும் கட்டிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. பயமாகவும் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நன்றாகவே பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று தெரியும், முதலில் ஊசியை எடுப்பாள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அறுபத்தொன்று என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது, பெட்டியோடு போய்விடும், அப்படித்தானே நினைத்திருந்தேன்...

சைக்கிள் நிற்கிறது, வேலியோரம், அவளுடையதுதான், மணியில் சிவப்பு நாடா. அவளும் நிற்கிறாள், நீச்சல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, உள்ளே போகாமல். எனக்காகவா நிற்கிறாள்? தினமும் இப்படி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறாளா? நான் பாலத்தில் திரும்பிப் போன அத்தனை நாளும்? இடது கை வெறுமனே இருக்கிறது.

“பழசைக் கட்டலையா?”

“இல்ல.”

“சார்ஜ் போயிடுச்சா?”

“புதுசு வந்த நாள்லேருந்தே நான் கட்டல,” என்றாள். “கட்டினா என்னுது உங்க நம்பரோட கலந்துடும். திரும்ப முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதுன்னு நல்லா காட்டும். அப்புறம் உங்களுக்கு என்னன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. போன். பழைய கணக்கையே இதிலும் போட்டுத் தரவா சார் என்று கடைக்காரப் பையன் கேட்டபோது, போடுப்பா என்றேனே, ஆறு வருடமாக அவள் போனிலும் என் போனிலும் திறந்து கிடக்கும் ஒரே கணக்கு, பல் தேய்த்துக்கொண்டு நான் பார்த்த அறுபத்தொன்றை அதே நொடியில் கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுத்தான் தட்டியிருக்கிறாள். அத்தனை ஜாக்கிரதையாக நான் ஒளித்து வைத்தது அவள் கைப்பையில் இருந்திருக்கிறது.

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேட்கல?”

“நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு வரலேன்னா நானே வந்து கேட்டிருப்பேன். திருப்பிக் குடுக்க இன்னிக்குத்தானே கடைசி?”

“ஒன்பதாவது மாடியில உட்கார்ந்துட்டேன்,” என்றேன், முன்னும் பின்னும் இல்லாமல். “போன மாசம். நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. ஷூ கயிறுன்னு சொல்லிட்டேன்.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை, தொப்பிக்குள் செருகாத ஒரு முடியைச் செருகிக்கொண்டாள், அதற்கு நிறைய நேரம் எடுத்தாள். “நாளைக்குக் காலையில பச்சைத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு லேபுக்கு வாங்க. நானே எடுக்கறேன், வேற யார்கிட்டயும் கையை நீட்ட வேணாம். அப்படியே டாக்டரையும் பாத்துடலாம். இனிமே அவர் சொல்ற வரைக்கும் ஓட்டம் கிடையாது, இப்பவும் நடந்தே வீட்டுக்குப் போங்க. டீயை நான் வந்து போடறேன்.” பிறகு என் கடிகாரத்தைக் கண்ணால் காட்டி, “ஏரிக்குள்ள ஓடினதையும் பாத்தேன்,” என்றாள், உதடு லேசாகக் கோணியது, “நீச்சலே தெரியாத ஆளு, துணிச்சலைப் பாரு.”

சிரித்துவிட்டேன். அதற்குள் அவள் இடது கையை நீட்டியிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து நீட்டுகிற அதே கை. “கலந்துடுமே?” என்றேன். “தெரிஞ்சுக்க வேண்டியதுதான் தெரிஞ்சாச்சே, கட்டுங்க,” என்றாள். கழற்றினேன், சட்டையில் துடைத்தேன், இதன் வாரில் எது மூன்றாவது துளை என்று தேட வேண்டியிருந்தது, புது வார், விறைப்பாக இருந்தது, அவள் முகத்தைச் சுளித்தாள், கையை இழுத்துக்கொள்ளவில்லை. திரையில் என் துடிப்பு நூற்றைம்பத்திரண்டு என்று இருந்தது, இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம், நூற்றிருபது, தொண்ணூறு, என்ன நடந்தது என்று அதற்கே புரியாததுபோல் ஒரு கணம் கோடு காட்டிவிட்டு, எழுபது. அவள் போய்விட்டாள், தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது, அப்போதுதான் ஓட்டத்தை நிறுத்தவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது, வீட்டு வாசலில் நான் தொடங்கிய ஓட்டம் இப்போது உண்மையிலேயே தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, பன்னிரண்டு மணிக்குக் கடையில் இருக்க வேண்டியது அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது, அந்த மூன்று வரியில் இனி என்ன எழுதுவது... வேலியில் சாய்ந்துகொண்டு, அவள் எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன், முதலில் கிடைக்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்ததும் கிடைத்தது, என்னுடையது, எண்ண ஆரம்பித்தேன், முப்பது வரை எண்ணினேன், அது எத்தனை நொடியில் என்று பார்க்க என் கையில் ஒன்றும் இல்லை.